எடை குறைக்க எந்தத் தண்ணீர்? வெந்நீர் முதல் கம்பங்கூழ் வரை ஓர் ஒப்பீடு

காலையில் வெந்நீரா, எலுமிச்சை–தேனா? சீரகம் போட்டுக் கொதித்ததா, வெந்தயம் ஊறியதா? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? இரண்டு லிட்டர் போதுமா, நாலு லிட்டர் வேண்டுமா? எடையைக் குறைக்க முடிவெடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்விகளில் சிக்கிக்கொள்கிறார்கள். வீட்டில் ஒருவர் ஒன்று சொல்வார், வாட்ஸ்அப்பில் வேறொன்று வரும். கடைசியில் காலையில் எலுமிச்சை–தேன், பதினோரு மணிக்குக் கூழ், மதியம் மோர், மாலையில் இளநீர் என்று எல்லாவற்றையும் குடித்துவிட்டு, மாதக் கடைசியில் எடை மெஷினில் ஏறி நின்று மனம் உடைவார்கள்.

இவை எல்லாமே நல்ல பானங்கள்தான். ஆனால் எடைக்கு ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. எந்த வேலை உங்களுக்குத் தேவையோ அதைச் செய்யும் பானத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## முதலில் ஒரு நம்பிக்கையைத் தள்ளி வைப்போம்

எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினால் பிசுக்கு இளகி ஓடுகிறது. வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்காது. உடம்பின் கொழுப்பு குடலின் உள்சுவரில் அப்பிக்கொண்டு இருப்பதில்லை. தோலுக்கு அடியிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் உள்ள உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. குடித்த வெந்நீர் இரைப்பையில் சில நிமிடங்களிலேயே உடல் சூட்டுக்கு வந்துவிடும், கொழுப்பை எட்டவே எட்டாது. மிகவும் சூடாகக் குடிப்பதில் ஒரு கெடுதலும் உண்டு. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் தொடர்ந்து பானங்கள் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. வெதுவெதுப்பாகக் குடிப்பதில் தவறே இல்லை.

ஐஸ் தண்ணீர் கலோரியை எரிக்கும் என்பார்கள். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 4 டிகிரியில் உள்ள அரை லிட்டர் நீரை 37 டிகிரிக்குச் சூடாக்க உடம்புக்குச் செலவாவது சுமார் 16 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 20 கலோரி இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் உடலின் எரிசக்திச் செலவை 30 சதவீதம் கூட்டுகிறது என்று 2003-இல் பெர்லினிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. இணையத்தில் இன்றும் அதுதான் சுற்றுகிறது. 2006-இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் மறுபடி அளந்து பார்த்தபோது, அறைச் சூட்டில் உள்ள நீரால் அப்படி எந்த உயர்வும் தெரியவில்லை. இந்த வழியை நம்பி எடை குறைக்க முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது?

பானங்கள் எடையைத் தொடும் உண்மையான வழிகள் மூன்று. சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் இடம் பிடித்து, தட்டில் எடுக்கும் அளவைக் குறைப்பது ஒன்று. சர்க்கரையுள்ள வேறொரு பானத்தின் இடத்தைப் பிடிப்பது இரண்டாவது. சாப்பாட்டோடு கலந்து, குறைந்த கலோரியில் வயிற்றை நிறைப்பது மூன்றாவது.

ஆகவே எந்தப் பானமானாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இதில் எத்தனை கலோரி உள்ளே போகிறது? அடுத்த வேளைச் சாப்பாடு இதனால் குறைகிறதா? இதைக் குடிப்பதால் நான் எதைக் குடிக்காமல் விடுகிறேன்? உப்பு, பல், சிறுநீரகம், மாத்திரை, காசு என்று கண்ணுக்குத் தெரியாத செலவு எதிலாவது இருக்கிறதா? ஆறு மாதம் தொடர முடியுமா?

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கீழே உள்ள கலோரிக் கணக்கு தோராயமானது. பாலின் கொழுப்பு, கரண்டியின் அளவு, காயின் பருவம் ஆகியவற்றைப் பொறுத்துச் சற்று மாறும்.

| பானம் | அளவு | கலோரி | பசி தாங்குமா? | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வெறும் தண்ணீர் | 500 மி.லி. | 0 | சாப்பாட்டுக்குச் சற்று முன் குடித்தால் ஓரளவு | அடிக்கடி சிறுநீர் |
| சீரகத் தண்ணீர் | 250 மி.லி. | ஏறக்குறைய 0 | தண்ணீர் அளவுக்கே | பெரிதாக இல்லை |
| எலுமிச்சை + 1 டீஸ்பூன் தேன் | 250 மி.லி. | 25 | இல்லை | பல் எனாமல், நெஞ்செரிச்சல் |
| எலுமிச்சை + 1 டேபிள்ஸ்பூன் தேன் | 250 மி.லி. | 65–70 | இல்லை | மேற்கண்டவையும் சர்க்கரையும் |
| நீர்மோர் (50 கிராம் தயிர்) | 200 மி.லி. | 30 | ஓரளவு | உப்பு |
| இளநீர் | 300 மி.லி. | 55–70 | குறைவு | பொட்டாசியம், விலை |
| கிரீன் டீ, கறுப்புக் காபி (சர்க்கரை இல்லாமல்) | 150 மி.லி. | 5-க்கும் கீழ் | சற்று நேரம் | தூக்கம், இரும்புச்சத்து |
| கம்பங்கூழ் (50 கிராம் மாவு) | 350 மி.லி. | 175 | நன்றாக | பானமென்று நினைத்துக் கூடுதலாகக் குடிப்பது |
| பால் டீ (2 டீஸ்பூன் சர்க்கரை) | 120 மி.லி. | 75 | இல்லை | நாளுக்கு நாலு முறை வருவது |
| சாதாரண கோலா | 300 மி.லி. | 125–130 | இல்லை | சுமார் 32 கிராம் சர்க்கரை |

கடைசி இரண்டு வரிகளையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்திருக்கிறோம். மேலே உள்ளவை எவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டுமோ, அவை இவைதான்.

## சாப்பாட்டுக்கு முன் வெறும் தண்ணீர்

பட்டியலில் ஓரளவு உறுதியான சான்று உள்ளது இதற்குத்தான். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 55 முதல் 75 வயதுக்குட்பட்ட 48 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. எல்லாருக்கும் கலோரி குறைந்த உணவு. பாதிப் பேர் மட்டும் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுக்குக் கூடுதலாக 2 கிலோ குறைந்தது. 2015-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வில் உடல் பருமனுள்ள 84 பேர் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு அரை லிட்டர் குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட 1.3 கிலோ கூடுதலாகக் குறைந்தது. மூன்று வேளையும் தவறாமல் குடித்தவர்களுக்குச் சுமார் 4.3 கிலோ குறைந்தது. ஒரே வேளை குடித்தவர்களுக்கும் குடிக்காமலே விட்டவர்களுக்கும் 0.8 கிலோதான். மூன்று வேளையும் விடாமல் செய்பவர் தட்டிலும் கவனமாக இருப்பவராக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

12 வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ. இதுதான் நேர்மையான எதிர்பார்ப்பு. "தண்ணீர் குடித்தே 15 கிலோ" என்று யாராவது சொன்னால், சாப்பாட்டில் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

வயதால் ஒரு வித்தியாசம் வருகிறது. வெறும் தண்ணீர் இரைப்பையில் நெடுநேரம் தங்காது. பாதிக்கு மேல் இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிடும். வயதானவர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாவதால், அரை மணி முன்பு குடித்தாலும் நிறைவு மிஞ்சியிருக்கிறது. இளவயதினரிடம் அரை மணி இடைவெளியில் சாப்பாட்டின் அளவு குறைவதாகத் தெரியவில்லை. ஆகவே 50 வயதைத் தாண்டியவர்கள் அரை மணி முன்பு குடிக்கலாம். இருபது, முப்பதுகளில் இருப்பவர்கள் தட்டில் உட்காருவதற்குச் சற்று முன்பாகவோ சாப்பாட்டின் நடுவிலோ குடிப்பதே பலன் தரும். நடுவில் குடித்தால் செரிமான நீர் நீர்த்துப்போகும் என்ற பயம் வேண்டாம். இரைப்பை தேவைக்கேற்ப அமிலத்தைச் சுரந்துகொள்ளும்.

வீட்டு டம்ளரை முதலில் அளந்துகொள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளர்கள் 150 முதல் 300 மி.லி. வரை பல அளவில் இருக்கின்றன. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் உங்கள் வீட்டு "இரண்டு டம்ளர்" எவ்வளவு என்று தெரிந்துவிடும். முதல் வாரம் வேளைக்கு 250 மி.லி. போதும், அடுத்த வாரம் அரை லிட்டருக்குப் போகலாம். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் நிதானமாகக் குடியுங்கள். அண்ணாந்து மடக்மடக்கென்று ஊற்றிக்கொள்பவர்கள் காற்றையும் சேர்த்து விழுங்குகிறார்கள். வயிறு உப்பும், ஏப்பம் வரும், மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள்.

அடுத்ததாக எங்கே தவறுகிறது? தண்ணீர் குடித்துவிட்டுத் தட்டில் வழக்கமான அளவையே போட்டுக்கொள்வதில். சோறு தட்டில் இருந்தால் கை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். வழக்கமாக மூன்று கரண்டி போடுபவர் இரண்டு போட்டு உட்கார வேண்டும். போதவில்லை என்றால் மூன்றாவதைப் பிறகு கேட்டு வாங்கலாம். தண்ணீரின் வேலை அந்த மூன்றாவது கரண்டியைக் கேட்காமல் இருக்க உதவுவது. அவ்வளவே.

இதன் மறைமுகச் செலவு கழிப்பறை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், பேருந்தில் இரண்டு மணி நேரம் போய்வருபவர்கள், பள்ளி ஆசிரியைகள் எனப் பலர் போக இடமில்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். இவர்களிடம் "நிறையக் குடியுங்கள்" என்று சொல்வது மட்டும் உதவாது. வீட்டில் இருக்கும் காலை வேளைக்கும் இரவு வேளைக்கும் மட்டும் அரை லிட்டர் முறையை வைத்துக்கொண்டு, மதியத்துக்குக் கீழே வரும் ரச முறையைக் கையாளலாம். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்தால் நள்ளிரவில் எழ வேண்டியிருக்காது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும், தண்ணீரால் கிடைத்ததெல்லாம் அதில் போய்விடும்.

## எலுமிச்சை–தேன் நீர்

இதில் எடையைக் குறைக்கும் பொருள் எதுவும் இல்லை. எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூனில் நாலு கலோரியும் கொஞ்சம் வைட்டமின் சி-யும் உண்டு. தேன் பெரும்பாலும் சர்க்கரைதான். ஒரு டீஸ்பூன் என்றால் 7 கிராம், சுமார் 21 கலோரி. ஆனால் பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது தேன் டீஸ்பூனில் நிற்பதில்லை. குவிந்து, வழிந்து, கரண்டியின் அடியில் ஒட்டியதும் சேர்ந்து டம்ளருக்குள் இறங்கும்போது இரண்டு மடங்காகிவிடும். டேபிள்ஸ்பூன் என்றால் 64 கலோரி. மாதத்துக்கு 1,900 கலோரி, எடை குறைக்கும் பெயரில் கூடுதலாக உள்ளே போகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தேனும் சர்க்கரையும் ஏறக்குறைய ஒன்றே.

பல்லையும் நினைக்க வேண்டும். வாயின் பி.எச். (அமில அளவீடு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை உள்ள கடும் அமிலம். தினமும் குடிப்பவர்கள் குடித்ததும் வெறும் நீரில் வாய் கொப்பளித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்க வேண்டும். குடிப்பதற்கு முன்பே துலக்கிவிட்டால் இன்னும் நல்லது. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசத் தொடங்கியவர்களும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் இதை விட்டுவிடலாம்.

எப்போது இது நல்ல தேர்வு? காலையில் எழுந்ததும் சர்க்கரை போட்ட பெட் காபி இல்லாமல் இருக்க முடியாதவர், அதை விட்டுவிட்டு இதற்கு மாறினால் லாபம்தான். தேன் அளந்த ஒரு டீஸ்பூன், அல்லது தேனே வேண்டாம், ஒரு சிட்டிகை உப்பு போதும். காபியும் குடித்து இதையும் குடித்தால் நஷ்டம்.

## சீரகம், வெந்தயம்

சீரகத் தண்ணீரை வெறும் தண்ணீரின் இன்னொரு வடிவமாகப் பாருங்கள். வெறும் நீர் தொண்டையில் இறங்காதவர்களுக்கும், ஆர்.ஓ. நீரின் சப்பென்ற ருசி பிடிக்காதவர்களுக்கும் ஏற்றது. ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சீரகம், ஐந்து நிமிடக் கொதி, வடிகட்டினால் முடிந்தது. அன்றே குடித்துவிட வேண்டும். கொழுப்பைக் கரைக்கும் என்பதற்காகக் குடிக்க வேண்டாம், ருசிக்காகக் குடியுங்கள்.

வெந்தயத்தில் பசியைத் தாங்கும் நார் இருக்கிறது. ஆனால் அது விதையில் இருக்கிறது. இரவு ஒரு டீஸ்பூன் ஊறவைத்து, காலையில் நீரை மட்டும் குடித்து விதையைக் கொட்டுபவர்கள் பயனுள்ள பகுதியைக் கொட்டுகிறார்கள். விதையையும் மென்று தின்ன வேண்டும். வெந்தயம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கவும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருந்துபோலத் தினமும் எடுக்க வேண்டாம்.

## நீர்மோர்

மாலை நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும் என்று பழகியவருக்கு இதைவிட நல்ல மாற்று கிடையாது. தயிர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுச் சிலுப்பினால் 200 மி.லி.யில் 30 கலோரி. புளிப்பும் காரமும் வாய்க்கு ஏதோ சாப்பிட்ட திருப்தியைத் தரும். வெறும் தண்ணீரால் இது முடியாது.

சிக்கல் உப்பில். அரை டீஸ்பூன் உப்பு என்றால் கிட்டத்தட்ட 3 கிராம், அதில் சோடியம் மட்டும் 1,200 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராம் உப்புக்குக் குறைவாகத்தான். வெயில் காலத்தில் மூன்று டம்ளர் மோரை உப்பு தூக்கலாகக் குடித்தால் அந்த வரம்பு மோரிலேயே முடிந்துவிடும். சாம்பாரும் ஊறுகாயும் பிறகுதான் வரும். ரத்தக் கொதிப்பு ஏறுவதோடு, உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். "மோர் குடித்து எடை கூடிவிட்டது" என்று சொல்பவர்களிடம் மெஷின் காட்டுவது பெரும்பாலும் இந்த நீரைத்தான். விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை போதும். பாக்கெட் மசாலா மோர் வாங்கினால் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள்.

## இளநீர்

குளிர்பானத்துக்குப் பதிலாக என்றால் கண்ணை மூடிக்கொண்டு இளநீர். தண்ணீருக்குப் பதிலாக என்றால் வேண்டாம். ஒரு காயில் 60 கலோரி அளவில் சர்க்கரை உண்டு; வழுக்கையையும் வழித்துத் தின்றால் இன்னும் கூடும். வெயிலில் வேலை செய்து வியர்த்தவர், வயிற்றுப்போக்கில் சோர்ந்தவர் ஆகியோருக்கு அது அருமருந்து. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தினமும் அதனால் எடை ஆதாயம் இல்லை. காய் 50 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,500 ரூபாய். அந்தப் பணத்துக்குக் காய்கறி வாங்கலாம்.

சிறுநீரகம் பழுதானவர்கள் இளநீரை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஒரு காயிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தை ஏற்றும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

## கிரீன் டீ, டயட் கோலா

கிரீன் டீ பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2012-இல் வெளியிட்ட மதிப்பாய்வின் முடிவு: எடைக் குறைவு உடல்நலத்தில் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. சர்க்கரை போட்ட டீயின் இடத்தில் குடித்தால் லாபம் அந்தச் சர்க்கரையால்தான். அந்த லாபத்தைச் சர்க்கரையில்லாத கட்டன் சாயாவும் சுக்குக் காபியும் குறைந்த காசில் தரும். ரத்தசோகை உள்ள பெண்கள் எந்த டீயையும் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் இடைவெளி விடவேண்டும். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். கிரீன் டீ சாற்றைச் செறிவாக்கிய மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். அவற்றால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

எடைக் கட்டுப்பாட்டுக்காகச் செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. தினமும் கோலா குடிப்பவர் அதை விடுவதற்குச் சில வாரங்கள் டயட் கோலாவைப் படிக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். இதுவரை குடிக்காதவர் தொடங்கக் காரணமே இல்லை.

## ரசம், கூழ், கஞ்சி: சாப்பாட்டுக்குள் இருக்கும் தண்ணீர்

இந்தப் பகுதிதான் நமக்கு மிகவும் பயன்படும். ஆனால் எடைப் பேச்சில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு 1999-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டது. கோழியும் அரிசியும் சேர்ந்த ஒரே உணவு. 24 பெண்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் அதை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: தனியாக ஒரு நாள், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு ஒரு நாள், அதே தண்ணீரை ஊற்றிச் சூப்பாக்கி ஒரு நாள். பக்கத்தில் வைத்துக் குடித்த தண்ணீர் அடுத்து வந்த சாப்பாட்டைக் குறைக்கவில்லை. சூப்பாகக் குடித்த நாளில் சாப்பாடு சுமார் 100 கலோரி குறைந்தது. பொருளும் தண்ணீரும் அதே அளவு. உணவோடு கலந்த நீர் இரைப்பையை மெதுவாக விடுகிறது, நிறைவு நீடிக்கிறது.

நம் சமையலில் இந்த நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் வரிசை மாறி இருக்கிறது. ரசம் நம் இலையில் இரண்டாவது சுற்றில்தான் வரும். அதற்குள் சாம்பார் சோறு வயிற்றை நிறைத்திருக்கும், ரசம் இன்னும் ஒரு கரண்டி சோற்றைத்தான் கூட்டும். அந்த வரிசையை மாற்றுங்கள். சோறு போடும் முன்பே ஒரு கிண்ணம், அதாவது 200–250 மி.லி., சூடான ரசத்தைத் தனியாகக் குடித்து, பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட உட்காருங்கள். தாளிப்பு எண்ணெய் அரை டீஸ்பூன் என்றால் கிண்ணத்துக்கு 20–30 கலோரிக்கு மேல் வராது. குடிக்கும் ரசத்துக்கு உப்பைக் குறைத்தே போட வேண்டும், மோருக்குச் சொன்ன காரணம்தான். அலுவலகத்துக்குப் பிளாஸ்க்கில் கொண்டுபோகவும் எளிது. அரை லிட்டர் தண்ணீரைவிட அளவு குறைவு என்பதால் கழிப்பறைச் சிக்கலும் குறையும். ரசம் அலுத்தால் முருங்கைக்கீரைச் சூப்போ பயறு வேகவைத்த நீரோ வைத்துக்கொள்ளலாம். ஹோட்டல் சூப்பில் சோளமாவும் வெண்ணெயும் இருக்கும், பாக்கெட் சூப்பில் உப்பு இருக்கும்.

கூழை மட்டும் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். 50 கிராம் கம்பு மாவு போட்ட ஒரு சொம்புக் கூழில் 175 கலோரி, ஏறக்குறைய மூன்று இட்லிக்குச் சமம். காலை உணவாக அதை மட்டும் குடித்தால் மதியம் வரை தாங்கும், அருமையான தேர்வு. காலையில் இட்லி தின்றுவிட்டுப் பதினோரு மணிக்குத் தள்ளுவண்டியில் "உடம்புக்கு நல்லது" என்று குடித்தால் அது நாலாவது வேளைச் சாப்பாடு. தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், வடகம், கருவாடு ஆகியவற்றின் எண்ணெயும் உப்பும் தனிக் கணக்கு. ராகிக் கஞ்சி, ஓட்ஸ் கஞ்சி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

## எதை விடுகிறீர்கள்: டீக் கணக்கு

டீக்கடையில் மாஸ்டர் முதலில் செய்வது கண்ணாடி கிளாஸின் அடியில் சர்க்கரையைத் தட்டுவது. அதன்மேல் பாலும் டிகாக்ஷனும். அந்த அடி இரண்டு டீஸ்பூன், 10 கிராம். நாளுக்கு நாலு டீ என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி, பாலைச் சேர்க்காமலே. சேர்க்கப்பட்ட சர்க்கரையை ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு டீயின் சர்க்கரை மட்டும் மாதத்துக்கு 4,800 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற காகிதக் கணக்குப்படி அரைக் கிலோவுக்கு மேல். உடம்பு ஈடுகட்டிக்கொள்வதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே இறங்கும். ஆனாலும் மேலே சொன்ன எந்தச் சீரக நீரும் இதன் பக்கத்தில் வராது.

ஒரேயடியாக விட வேண்டாம். கடையில் "சர்க்கரை கம்மி" என்றால் கம்மி என்பது மாஸ்டரின் கையைப் பொறுத்தது. "சர்க்கரை இல்லாமல்" வாங்கி, நீங்களே ஒரு டீஸ்பூன் போட்டுக்கொண்டு, வாரத்துக்கு அரை டீஸ்பூனாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். அலுவலக பிளாஸ்க் டீயில் சர்க்கரையைச் சேர்த்தே கொதிக்க வைத்திருப்பார்கள், அதில் குறைக்க வழியில்லை. அந்த ஒரு வேளைக்குத்தான் மோரோ சீரக நீரோ தேவை.

## எவ்வளவு வரை?

நாலு லிட்டர் குடித்தால் இரண்டு லிட்டரைவிட இரட்டிப்புப் பலன் வராது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்ன அளவு பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். அதுவும் உணவில் உள்ள நீரையும் சேர்த்து, மிதமான தட்பவெப்பத்துக்கு. நம் வெயிலுக்கும் உடலுழைப்புக்கும் இன்னும் கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள்.

சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது சுமார் ஒரு லிட்டர்தான். அதற்கு மேல் லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கும். 2007-இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ஒரு வானொலி நிலையம் நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட ஓர் இளம் தாய் இப்படித்தான் இறந்துபோனார்.

இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு மருத்துவர் நீரின் அளவை வரையறுத்திருப்பார். அரை லிட்டர் முறை அவர்களுக்கு இல்லை. லித்தியம் மாத்திரையோ சிறுநீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர்களும் கேட்காமல் அளவை மாற்றக் கூடாது.

## உங்கள் நாளுக்கு எது?

நேற்று முழுவதும் குடித்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள், சர்க்கரை எத்தனை டீஸ்பூன் என்பதோடு. ஆறு டீஸ்பூனைத் தாண்டினால் வேறு எதையும் தொடங்க வேண்டாம், டீயிலிருந்து தொடங்குங்கள். டீ, காபியே குடிக்காதவர், ஆனால் தட்டு நிறையச் சோறு என்றால், 50-க்கு மேற்பட்டவருக்குச் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர், இளையவருக்கு முதல் சுற்று ரசம். மாலைப் பசியில் நொறுக்குத் தீனிக்குக் கை போகிறவருக்கு உப்புக் குறைந்த நீர்மோர். காலையில் சமைக்க நேரமில்லாமல் கடையில் பூரி தின்பவருக்குக் கூழ், அதுவே முழுச் சாப்பாடாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நான்கு வாரம் செய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

அளப்பதிலும் கவனம் தேவை. அரை லிட்டர் தண்ணீர் குடித்ததும் மெஷினில் ஏறினால் அரைக் கிலோ கூடியே காட்டும். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் வேகமாக இறங்குவதும் பெரும்பகுதி நீர்தான். உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது செலவாகும்போது நீரும் போகிறது. காலைக்கடன் முடித்து, எதுவும் குடிக்கும் முன், அதே உடையில் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். மாதவிலக்கையொட்டிப் பெண்களுக்கு வரும் வீக்கத்தால் ஏமாறாமலிருக்க, சுழற்சியின் அதே நாளை அடுத்த மாதத்தின் அதே நாளோடு ஒப்பிட வேண்டும். தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளந்து வையுங்கள். நம்மவர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. எல்லை. நான்கு வாரத்தில் சராசரி எடையும் டேப்பும் அசையவில்லை என்றால் பானத்தை மாற்றிப் பார்க்க வேண்டாம். சோற்றை ஒரு கப்பால் அளந்து போடத் தொடங்குங்கள், தாளிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.